பதின்மூன்று எழுத்துக்கு ஓர் உரை

சீனாவின் சூஜோ நகரத்தில், பழைய தோட்டங்களுக்கு நடுவே, 2006 அக்டோபர் 6-ஆம் நாள் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். அன்று நடு இலையுதிர்காலத் திருநாள். முழுநிலவின் கீழ் குடும்பம் கூடுகிற நாள். கட்டடத்தை வடிவமைத்த ஐ. எம். பெய்க்கு அப்போது வயது 89. பாரிஸில் லூவ்ர் முற்றத்துக் கண்ணாடிப் பிரமிடு, வாஷிங்டனில் தேசிய ஓவியக்கூடத்தின் கிழக்குக் கட்டடம், ஹாங்காங்கில் சீன வங்கிக் கோபுரம் என்று உலகமெங்கும் கட்டியவர், கடைசியில் தன் முன்னோரின் ஊருக்கு வந்து கட்டியது இது. இதைத் தன் கடைக்குட்டி மகள் என்று அவர் வாஞ்சையோடு சொன்னதுண்டு.

இந்தக் கட்டடத்துக்கு ஒரு மூலபாடம் இருக்கிறது. வடிவமைப்புக் கொள்கை என்று அருங்காட்சியகத்தார் எடுத்துச் சொல்லும் இரண்டே அடிகள்:

ஜோங் அர் ஷின், சூ அர் ஷின்;
பு காவ், பு தா, பு தூச்சூ.

சீன எழுத்தில் மொத்தம் 13. திரும்ப வருபவற்றைக் கழித்தால் ஒன்பதே எழுத்து. சொல்லுக்குச் சொல் வைத்தால், “சீனம் ஆகிப் புதிது, சூஜோ ஆகிப் புதிது, உயரம் இல்லை, பெரிது இல்லை, துருத்தல் இல்லை” என்று வரும். பழைய மரபை இன்றைய பண்பாட்டுக் கட்டடத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று சீனக் கட்டடக் கலைஞர்கள் ஒரு நூற்றாண்டாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விவாதம் முழுவதும் இந்த ஒன்பது எழுத்துக்குள் மடிந்து கிடக்கிறது. அதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே இந்த உரையின் வேலை.

ஜோங்

ஒரு சிறு கட்டம். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. எழுத்தின் உருவமே அதன் பொருளைச் சொல்லிவிடுகிறது: நடு. சீனர் தம் நாட்டை அழைக்கும் பெயருக்கு ‘நடுநாடு’ என்பதுதான் பொருள். ஆகவே இங்கே ‘ஜோங்’ என்றால் சீனத்தன்மை.

சீனத்தன்மை என்று எதைச் சொல்வது? இங்கேதான் பலரும் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். பார்த்தவுடன் கண்ணில் படுவது வளைந்து மேலெழும் கூரை, சிவப்புத் தூண், மஞ்சள் ஓடு. இவற்றை எடுத்து ஒட்டிவிட்டால் சீனம் வந்துவிடும் என்று நினைப்பது எளிது. 1996-ல் திறக்கப்பட்ட பீஜிங் மேற்கு ரயில் நிலையத்தைப் பாருங்கள். நவீனமான பெரிய கான்கிரீட் கட்டடம். அதன் உச்சியில் பழைய பாணியில் அடுக்குக்கூரை மண்டபம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கீழே இருப்பதற்கும் மேலே இருப்பதற்கும் ஒரு பேச்சும் இல்லை. மண்டபத்தை எடுத்துவிட்டால் நிலையத்துக்கு ஒன்றும் ஆகாது.

இதை முன்கூட்டியே கண்டு சொன்னவர் கட்டடக்கலை அறிஞர் லியாங் ஸிசெங். 1103-ல் சொங் அரசவை வெளியிட்ட ‘யிங்ஸாவ் ஃபாஷி’ என்ற கட்டட விதிநூலின் படி ஒன்றை, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இவருக்கு 1925-ல் தந்தை அனுப்பிவைத்தார். பிரித்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. தச்சர்களின் கலைச்சொற்கள் வழக்கொழிந்து போயிருந்தன. ஊர் திரும்பியவர் பீஜிங்கின் முதிய தச்சர்களை ஆசிரியர்களாகக் கொண்டு சொல்சொல்லாகக் கற்றார். மனைவி லின் ஹுய்யினோடு மலைகளிலும் கிராமங்களிலும் பழைய மரக்கட்டடங்களைத் தேடி அலைந்தார். 1937-ல் ஷான்ஷி மாநிலத்து மலைக்குள், 857-ல் கட்டப்பட்ட ஃபோகுவாங் கோயில் மண்டபத்தை அவர்கள் அடையாளம் கண்டது அந்த அலைச்சலின் பலன். விதிநூலுக்கு அவர் எழுதிய உரையின் முதல் பகுதி அச்சேறியது 1983-ல். அவர் இறந்து 11 ஆண்டு கழித்து. உரையாசிரியர் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள மனிதர்.

லியாங் கட்டடத்தை மொழியாகவே பார்த்தார். தூண், உத்திரம், ஓடு, சன்னல் எல்லாம் சொற்கள். அவை எந்த வரிசையில், எந்த அளவில், எதன்மேல் எது வரும் என்பது இலக்கணம். அந்த விதிநூலில் மரத்துண்டு ஒன்றின் குறுக்குவெட்டு 15-க்கு 10 என்ற விகிதத்தில் இருக்கும். அதை எட்டுத் தரமாக வகுத்திருப்பார்கள். கட்டடம் முழுவதும் அந்த ஒரு துண்டின் மடங்காகவே அளக்கப்படும். இதுதான் இலக்கணம். ரயில் நிலையத்தின் உச்சி மண்டபம், இலக்கணம் இல்லாமல் கடன்வாங்கிய ஒரு சொல்.

2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் ஹே ஜிங்டாங் வடிவமைத்த சீன அரங்கம் இதைவிடச் சிந்தித்துச் செய்தது. பழைய மரக்கட்டடங்களில் தூணின் தலையில் அடுக்கடுக்காக விரியும் தாங்குக்கட்டைகள் உண்டு. சீனத்தில் தோகோங் என்பார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கூரையின் பாரத்தைத் தூணுக்குக் கடத்துவது அவற்றின் வேலை. ஷாங்காயில் அந்த அடுக்கையே ஒரு மாபெரும் சிவப்புக் கட்டடமாக்கிவிட்டார்கள். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் அங்கே பாரத்தைத் தாங்குவது உள்ளே நிற்கும் நான்கு பெரிய தூண்கூடுகள். தோகோங் தாங்குகிற வேலையை விட்டுச் சின்னமாகிவிட்டது. நாட்டின் அரங்கத்துக்குச் சின்னம் தேவைப்பட்டிருக்கலாம். எல்லாக் கட்டடத்துக்கும் அந்த வழி பொருந்தாது.

சூஜோவில் பெய் ‘ஜோங்’கைத் தேடியது தரைப்படத்தில். கட்டடம் மூன்று தடமாகக் கிடக்கிறது. நடுத்தடத்தில் வாயில், முன்முற்றம், எண்கோணக் கூடம், அதைத் தாண்டிக் குளத்தோடு கூடிய பெரிய முற்றம். மேற்கே முக்கியக் காட்சிக்கூடங்கள். கிழக்கே சிறிய காட்சிக்கூடங்களும் அலுவலகமும். செல்வாக்குள்ள பழைய சூஜோ வீடு எதுவும் இப்படித்தான் மூன்று தடமாக ஓடும். உள்ளே நடப்பவருக்கு இது தெரியவேண்டியதில்லை. ஓர் அறை, அடுத்து ஒரு சிறு முற்றம், அதில் நாலு மூங்கில், மறுபடி ஓர் அறை என்று கால் தானாகவே அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. கூரைக்கு முன்னால் முற்றம், அதுதான் நடுக்கோடு.

அர்

மூலத்தின் உயிர் இந்த இடைச்சொல்லில் இருக்கிறது. இதைத் தவறாகப் படித்தால் மற்ற எட்டு எழுத்தும் வீண்.

சீனத்தில் ‘அர்’ இரண்டு சொல்லுக்கு நடுவே வரும். சில இடத்தில் ‘மேலும்’ என்று பொருள்படும். சில இடத்தில் ‘ஆனாலும்’ என்று பொருள்படும். சில இடத்தில் ‘அதன்பின்’ என்று வரும். நம் உம்மைக்கு நன்னூலார் எட்டுப் பொருள் சொன்னார் இல்லையா, அதுபோல் இடம் பார்த்துப் பொருள் கொள்ளவேண்டிய சொல். எண்ணும்மையாகக் கொண்டால் “சீனமும் புதிதும்” என்றாகும். பாதிக்குப் பாதி கலந்து தருகிற கட்டடங்கள் எல்லாம் இந்தப் படிப்பிலிருந்து பிறந்தவை: உடம்பு புதிது, தலை பழசு. எதிர்மறையாகக் கொண்டால் “சீனம்தான், ஆனாலும் புதிது” என்று வரும். அதில் சீனமாக இருப்பது ஏதோ ஒரு குறை போலவும், புதுமை அதை ஈடுகட்டுவது போலவும் தொனிக்கும்.

இங்கே அதை ஆக்கவும்மையாகக் கொள்ளவேண்டும் என்பது என் துணிபு. தச்சன் மகன் தச்சனாகிப் பாவலனும் ஆனான் என்கிறோம். முதலில் ஒன்றாகி, அந்த ஆதலின் வழியே இன்னொன்றும் ஆவது. சீனமாகி, அதனாலேயே புதிதும் ஆவது. புதுமை வெளியிலிருந்து வந்து சேரவில்லை, வேரிலிருந்து கிளைக்கிறது.

பெய்யின் வாழ்க்கையே இந்தப் படிப்புக்குச் சான்று. 1917-ல் குவாங்ஜோவில் பிறந்து, ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் வளர்ந்து, 1935-ல் அமெரிக்கா போனவர். ஹார்வர்டில் அவருடைய ஆசிரியர் வால்டர் கிரோப்பியஸ், நவீனக் கட்டடக்கலை எல்லா நாட்டுக்கும் பொது என்று நம்பியவர். மாணவர் அதை முழுதாக ஏற்கவில்லை. 1946-ல் ஆய்வுத்திட்டமாக, ஷாங்காயில் சீனக் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் வரைந்து காட்டினார். வெறுஞ்சுவர், இடையிடையே தோட்டம், அந்தத் தோட்டத்தின் வெளிச்சத்தில் ஓவியம். சீனக் கலைப்பொருள் சிறியது, கையில் எடுத்துப் பார்ப்பது. அதற்குக் கிரேக்கக் கோயில் மாதிரி மண்டபம் எதற்கு என்பது அவர் கேள்வி. அந்த அருங்காட்சியகம் கட்டப்படவே இல்லை. 60 ஆண்டு கழித்து சூஜோவில் எழுந்தது, உள்ளுக்குள் அதே வரைபடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘அர்’ என்ற ஓரெழுத்துக்கு ஒரு மனிதன் கொடுத்த காலம் 60 ஆண்டு.

ஷின்

புதிது. எழுத்தைப் பிரித்தால் ஒரு பக்கம் மரம் தெரியும், மறுபக்கம் கோடரி. சீனத்தின் தொன்மையான எழுத்தகராதி இதற்கு மரம் வெட்டுதல் என்றே பொருள் சொல்கிறது. புதுமை என்ற பொருள் பிறகு வந்து ஏறியது. கோடரி பட்ட இடத்தில் மரம் காட்டும் வெள்ளை முகத்தை நினைத்துக்கொண்டால் அந்தப் பொருள் எப்படி வந்தது என்பது விளங்கிவிடும். கட்டடம் கட்டுவதற்குச் சீனர் வைத்த பழம்பெயரும் ‘மண்ணும் மரமும்’ என்பதே.

பெய் செய்த முதல் புதுமை, அந்த மரத்தையே விட்டது. மரச்சட்டம் இருந்த இடத்தில் எஃகுச் சட்டம் வந்தது. எஃகு நீண்ட தூரத்தைத் தாங்கும். ஆகவே கூடத்தின் நடுவே தூண் வேண்டாம். கண்ணாடியையும் தாங்கும், ஆகவே கூரையின் நடுவே வெளிச்சம் இறங்கலாம். பழைய கிழக்குச் சீன வீடுகளில் ஓட்டுக்கூரையைப் பிளந்து ஒரு சிறு சன்னல் வைப்பார்கள். ‘புலிச் சன்னல்’ என்று பெயர். பெய் அந்தச் சன்னலைக் கூரையின் நடுப்பகுதிக்கு ஏற்றிப் பெரிதாக்கி, சதுரமும் முக்கோணமும் மாறிமாறி வரும் வடிவமாக விரித்தார். பழைய வீட்டுக் கூடங்கள் இருட்டு. அருங்காட்சியகத்துக்கு இருட்டும் ஆகாது, நேர்வெயிலும் ஆகாது. புலிச் சன்னலுக்கு இந்தப் புது வேலை கிடைத்ததால்தான் அது உயிரோடு இருக்கிறது.

அடுத்தது கூரை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சூஜோ வீடு என்றால் சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர், சாம்பல்கருப்பில் சுட்ட மண் ஓடு. அந்த ஓடு உடையும், நழுவும், அடிக்கடி மாற்றவேண்டும். மேலும் நேர்கோட்டுச் சரிவுகளும் கூர்முனைகளும் உள்ள கூரைக்கு வளைந்த ஓடு படியாது. பெய் கருங்கல்லுக்குப் போனார். ‘சீனக் கருப்பு’ என்று வணிகத்தில் பெயர்பெற்ற கிரானைட்டைச் சாய்சதுரப் பலகைகளாக அறுத்து மேலே பதித்தார். காய்ந்திருக்கும்போது அது சாம்பல். மழை விழுந்தால் கருப்பு. சூஜோ மழை ஊர். தூறல் தொடங்கிய சில நிமிடத்தில் கூரை ஓரத்திலிருந்து நிறம் இறங்கத் தொடங்கும். நனைந்த பலகை கருமையாகவும் நனையாதது சாம்பலாகவும் சிறிது நேரம் கூரை இரண்டாகப் பிரிந்து நிற்கும். பிறகு முழுவதும் மை போலாகிவிடும். வெள்ளைச் சுவரின் விளிம்புகளிலும் சாம்பல் நிறக் கல்லால் பட்டை ஓட்டியிருக்கிறார்கள். கீழிருந்து பார்த்தால் வெள்ளைத் தாளில் இழுத்த மைக்கோடு. ஓடு போய்விட்டது, ஓடு செய்துவந்த வேலை, அதாவது வெள்ளைக்கு மேல் கருமை என்ற அந்த ஊர்க் கண்ணின் பழக்கம், அப்படியே இருக்கிறது.

ஓரிடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கூரைக் கண்ணாடிக்குக் கீழே வெயிலை வடிகட்ட வரிவரியாகப் பட்டைகள் வைத்திருக்கிறார்கள். அவை உலோகம், மேலே மரத்தின் தோற்றம். உள்ளே விழும் நிழல் அழகுதான், பழைய மரக்கிராதியின் நிழல் போலவே இருக்கிறது. ஆயினும் எஃகை எஃகாகவும் கல்லைக் கல்லாகவும் காட்டிய கை, இங்கே மட்டும் உலோகத்துக்கு மரவேடம் போட்டிருக்கிறது. ‘ஷின்’ என்ற எழுத்தின் கோடரி இந்த ஓரிடத்தில் மழுங்கிவிட்டது என்றே சொல்வேன்.

சூ

சூஜோவின் முதலெழுத்து. பழைய வடிவத்தில் மேலே புல், கீழே ஒரு புறம் மீன், மறுபுறம் நெற்கதிர். மீனும் நெல்லும் விளையும் ஊர் என்று அந்த வட்டாரத்தார் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு எழுத்தே சாட்சி. எழுத்தைச் சுருக்கி எழுதத் தொடங்கியபின் மீனும் கதிரும் போய்விட்டன. புல் மட்டும் தங்கியது. இந்த எழுத்துக்கு மூர்ச்சை தெளிந்து எழுதல் என்ற பொருளும் உண்டு.

முதல் தொடரில் ‘ஜோங்’ சொல்லியாயிற்றே, மறுபடி ‘சூ’ எதற்கு? சூஜோ சீனத்துக்குள் அடங்காதா? கூறியது கூறல் அல்லவா என்று கேட்பார்க்கு விடை, 1982-ல் பெய் கட்டிய இன்னொரு கட்டடம்.

சீனா வெளியாருக்குக் கதவு திறந்த காலம். பீஜிங்கின் நடுவே, பழைய அரண்மனைக்கு அருகில், உயரமான ஹோட்டல் ஒன்று கட்டித்தரும்படி பெய்யைக் கேட்டார்கள். அரண்மனையைக் குனிந்து பார்க்கும் கட்டடம் தன்னால் முடியாது என்று மறுத்துவிட்டு, நகருக்கு வெளியே நறுமண மலையில் தாழ்வான ஹோட்டல் ஒன்றைக் கட்டினார். வெள்ளைச் சுவர், சாம்பல் செங்கல் பட்டை, சாய்சதுரச் சன்னல், முற்றம் முற்றமாகத் தோட்டம். தோட்டத்துக்கு யுன்னான் மாநிலத்துக் கற்காட்டிலிருந்து பாறைகள் வந்தன. மரபைத் தேடும் புதுக் கட்டடத்துக்கு அது நல்ல முன்மாதிரி. இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால் அது பீஜிங்கின் வீடு இல்லை. வடக்கத்திய மலையில் தெற்கத்திய வெள்ளைச் சுவர். பெய் தன் சிறுவயதுக் கோடைகளில் பார்த்த சூஜோவையே அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார். ‘ஜோங் அர் ஷின்’ என்ற அளவில் அது தேறியது. இரண்டாவது தொடரில் தேறவில்லை.

‘சீன மரபு’ என்று பொதுவாகச் சொல்லும்போது பல மரபுகள் அதற்குள் நசுங்கிப் போகின்றன. மஞ்சள் மெருகேற்றிய ஓடு பேரரசருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. குடிமக்கள் கூரையில் வைத்தால் குற்றம். சூஜோவின் சாம்பல் ஓட்டுக்குப் பின்னால் இந்தச் சட்டமும் இருக்கிறது. அதே சூஜோவின் ஷியாங்ஷான் ஊர்த் தச்சர்கள்தான் பீஜிங் அரண்மனையைக் கட்டப் போனார்கள். 15-ஆம் நூற்றாண்டில் அந்த வேலைகளில் பேர்பெற்ற குவாய் ஷியாங் அவ்வூர்க்காரர். பீஜிங்கின் நறுமண மலைக்கும் ஷியாங்ஷான் என்றே பெயர். ஊர் வேறு, மலை வேறு. யிங்ஸாவ் ஃபாஷி நூலை 1145-ல் மறுபடி பலகையில் செதுக்கி அச்சிட்டதும் சூஜோவில்தான். ஆக, வடக்கின் பொன்னிறமும் தெற்கின் வெள்ளையும் ஒரே தச்சர் கையிலிருந்து வந்தவை. ஒரே இலக்கணத்தை மண்ணுக்கு ஏற்ற உச்சரிப்பில் பேசத் தெரிந்தவர்கள் அவர்கள். ‘ஜோங்’ இலக்கணம் என்றால் ‘சூ’ அந்த உச்சரிப்பு.

இதை வேறு வகையில் நிறுவியவர் கட்டடக் கலைஞர் வாங் ஷூ. சூஜோவிலிருந்து தெற்கே உள்ள நிங்போவில் 2008-ல் திறந்த வரலாற்று அருங்காட்சியகம் அவருடையது. அந்த இடத்தைச் சுற்றியிருந்த பழைய கிராமங்கள் இடிபட்டன. இடிந்த செங்கல்லையும் ஓட்டையும் பத்து லட்சத்துக்கு மேல் பொறுக்கிச் சுவராக அடுக்கினார். புயலடித்து வீடு விழுந்தால் கிடைத்ததை அடுக்கிச் சுவர் எழுப்பும் பழக்கம் அந்தப் பக்கத்துக் கொத்தர்களுக்கு ஏற்கெனவே உண்டு, வாபான் என்பார்கள். அந்தச் சுவரில் வளைந்த கூரை கிடையாது, சிவப்புத் தூண் கிடையாது. கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டுத்துண்டும் ஒரு வீட்டுக்கூரையில் இருந்தது. 2012-ல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பெய்யின் வழி வேறு, வாங் ஷூவின் வழி வேறு. தன் ஊரைத் தவிர வேறு எங்கே வைத்தாலும் செத்துப்போகும் கட்டடம் என்ற சோதனையில் இரண்டுமே தேறுகின்றன.

பு, பு, பு

இரண்டாம் அடியில் மூன்று முறை மறுப்பு. முதலடி கட்டடம் என்னவாக இருக்கவேண்டும் என்கிறது. இரண்டாமடி என்னவாக இருக்கக்கூடாது என்கிறது. இந்த அடிக்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. அருங்காட்சியகத்தை ஒட்டி வடக்கில் கிடப்பது ஜுவோஜெங் தோட்டம். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதவியை விட்டு ஊர் திரும்பிய ஓர் அதிகாரி அமைத்தது. 1997-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கிழக்கே தைப்பிங் கிளர்ச்சித் தலைவர் லி ஷியூசெங் குடியிருந்த மாளிகை. 1960-ல் அருங்காட்சியகம் தொடங்கியதே அந்த மாளிகைக்குள்தான். இப்படிப்பட்ட இடத்தில் புதுக்கட்டடம் எழுப்பக்கூடாது என்று சீன அறிஞர்களே எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். உலகப்புகழ் பெற்ற கலைஞர் வந்தால் பக்கத்து வீடு சிறுத்துப்போகும் என்ற அச்சம் எத்தனையோ ஊர்களில் உண்மையாகியிருக்கிறது. மூன்று ‘பு’க்களும் அந்த அச்சத்துக்குக் கொடுத்த வாக்கு.

காவ்

உயரம். எழுத்தே ஓர் உயர்ந்த கட்டடத்தின் படம்: மேலே கூரை, கீழே வாசல்.

கொடுத்த வாக்கை எண்ணில் பார்க்கலாம். தரைக்கு மேல் பெரும்பாலும் ஒரே தளம். கூரை விளிம்பு 6 மீட்டருக்குள். நடுக்கூடமும் மேற்குக் காட்சிக்கூடத்தின் ஒரு பகுதியும் மட்டும் 16 மீட்டர். அதுவும் சுற்றியுள்ள பழங்கட்டடங்களின் உச்சியைத் தாண்டவில்லை.

ஏன் இத்தனை கணக்கு? ஜுவோஜெங் தோட்டத்தின் குளக்கரையில் ஓரிடத்தில் நின்று மேற்கே பார்த்தால், மரங்களுக்கு நடுவே தொலைவில் ஒரு கோபுரம் தெரியும். 76 மீட்டர் உயரமுள்ள வடகோயில் கோபுரம் அது. தோட்டத்துக்குள் இல்லை, ஊருக்குள் எங்கோ நிற்கிறது. ஆனால் குளமும் மரமும் அதை இழுத்துத் தோட்டத்தின் பொருளாக்கிவிட்டன. இதற்கு ‘காட்சியைக் கடன்வாங்குதல்’ என்று பெயர். சூஜோ வட்டாரத்துக்காரர் ஜீ செங் 1630-களில் வெளியான தன் தோட்ட நூலில் இதை ஒரு தலையாய உத்தியாக வைத்தார். கடன்வாங்கிய காட்சிக்குக் குறுக்கே ஒரு தளம் கூடுதலாக எழுந்தாலும் 500 ஆண்டுத் தோட்டம் ஏழையாகிவிடும். உயரத்தை மறுப்பது, பக்கத்து வீட்டின் வானத்தைத் தொடாமல் விடுவது.

தா

பெரிது. கையை விரித்து நிற்கும் மனிதன் இந்த எழுத்து. அளவுகோல் மனிதன்தான். தேவையான பரப்பில் ஒரு தளத்தைப் பூமிக்குள் இறக்கிவிட்டு, மேலே உள்ளதைச் சிறு அறைகளாக உடைத்துவிட்டார் பெய். இதற்கு மேல் உரை வேண்டாம்.

தூச்சூ

துருத்துதல். இது ஈரெழுத்துச் சொல், இரண்டாவது ‘வெளிவருதல்’. முதலாவதைப் பிரித்தால் மேலே ஒரு பொந்து, கீழே ஒரு நாய். பொந்திலிருந்து நாய் சட்டென்று பாய்ந்து வெளிவருவது என்று பழைய அகராதி சொல்கிறது. வீதியில் நடக்கும்போது சில கட்டடங்கள் அப்படித்தான் நம்மேல் பாய்கின்றன.

உயரமும் இல்லாமல் பெரிதாகவும் இல்லாமல் ஒரு கட்டடம் துருத்தமுடியும். ஆகவே மூன்றாவது மறுப்பு முதல் இரண்டின் தொகுப்பு அன்று. தனிப் பொருள் உடையது. அதற்குப் பொருள் காண நடுக்கூடத்தைக் கடந்து பெரிய முற்றத்துக்குப் போகவேண்டும்.

கூழாங்கல் பரவிய குளம். ஒரு பாலம். ஓர் எண்கோணச் சிறு மண்டபம். குளத்துக்கு அப்பால் வடக்கே ஒரு வெள்ளைச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் ஜுவோஜெங் தோட்டம். இந்த இடத்தில் ஒரு பாறைமலை வேண்டும். சூஜோத் தோட்டம் எதுவும் பாறைமலை இல்லாமல் முடிவதில்லை. பெய் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் சொந்தமாக இருந்த சிங்கத்தோப்புத் தோட்டம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. துளையும் குடைவுமாக நெளியும் தைஹூ ஏரிக்கற்களுக்குப் பேர்போனது. சிறுவன் பெய் அந்தக் கற்குகைகளில் விளையாடியவன். அந்தக் கற்களைப் பற்றி அவர் ஒன்று சொன்னதுண்டு: நல்ல கல்லைத் தேர்ந்து, தேவையான இடத்தில் உளியால் தொட்டு, ஏரித் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார்கள், அலை அதைக் குடைந்து முடிக்க ஆண்டுக்கணக்கு ஆகும், இறக்கியவர் தந்தை, எடுப்பவர் மகன்.

அப்படிப்பட்ட கல்லை அறிந்தவர், அதையே மறுபடி அடுக்கவில்லை. முன்னோர் அதில் உச்சம் தொட்டுவிட்டார்கள் என்று விலகிக்கொண்டார். ஷாண்டோங் மாநிலத்திலிருந்து பாறைகளை வரவழைத்தார். அவற்றைக் கம்பி ரம்பத்தால் பலகை பலகையாக அறுக்கச் சொன்னார். அறுத்த முகத்தைத் தீயால் வாட்டி, நிறம் ஒன்றுக்கொன்று மாறும்படி செய்தார்கள். பிறகு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இதை இரண்டு விரல்கடை இடப்பக்கம், அதைக் கொஞ்சம் பின்னால் என்று ஒவ்வொரு கல்லாக நிறுத்திவைத்தார். முன்னால் கருமையான பலகைகள், பின்னால் வெளிறியவை. சொங் காலத்து ஓவியர் மீ ஃபூவின் மழைமூடிய மலைகள் மனத்தில் இருந்தன. சுவர் தாள் ஆயிற்று, கல் மை ஆயிற்று.

இந்த மலை துருத்தவே முடியாது. ஒவ்வொரு கல்லும் சுவரோடு ஒட்டி மெலிந்து நிற்கிறது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் மலையே இல்லை, சில பலகைகள்தான். கூடத்து வாசலில் நின்று பார்ப்பவருக்கு மட்டும் மலைத்தொடர், நடுவே மூடுபனி, தண்ணீரில் அதன் தலைகீழ் நிழல். சுவருக்கு மேலே தலைகாட்டும் மரங்கள் அடுத்த தோட்டத்து மரங்கள். மலைக்குப் பின்னால் அவை காடாகிவிடுகின்றன. இங்கேயும் காட்சி கடன்தான். புதுக்கட்டடம் தன் மிகச் சிறந்த இடத்தைப் பழைய தோட்டத்தின் சுவரில் சாய்ந்துகொண்டு செய்திருக்கிறது. துருத்தாமை என்பதற்கு நான் காணும் பொருள் இதுவே: அண்டை இல்லாவிட்டால் முழுமையடையாதபடி தன்னை அமைத்துக்கொள்வது. பண்பாட்டுக் கட்டடம் கட்ட விரும்பும் எவரும் மற்ற ஏழு எழுத்தை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

இன்னொரு முற்றத்தில் ஒரு கொடி இருக்கிறது. பழைய மாளிகையின் முற்றத்தில், மிங் காலத்து ஓவியர் வென் ஜெங்மிங் தன் கையால் நட்டது என்று சொல்லப்படும் விஸ்டேரியாக் கொடி இன்றும் பூக்கிறது. வென் 1559-ல் இறந்தவர். ஜுவோஜெங் தோட்டத்தைக் கவிதையும் ஓவியமுமாகப் பதிந்து வைத்தவர். அந்தக் கொடியின் கிளையை வெட்டி, புது முற்றத்துக்கென்று பெய் தேர்ந்த கொடியில் ஒட்டுக்கட்டினார்கள். வசந்தத்தில் இரண்டு முற்றத்திலும் ஊதாப்பூ தொங்குகிறது. பழைய கொடியின் விதைகளைச் சிறு பெட்டியில் போட்டு அருங்காட்சியகக் கடையில் விற்கிறார்கள்.